பொங்கல் விருந்தும் இல்லத்தார் கடமையும்

(ஊர்த் தமிழ்மன்றத்தில் பொங்கலுக்கு முந்திய கிழமை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சுறவத் திங்கள் (தை) பிறக்க இன்னும் சில நாள்களே உள்ளன. இம்மேடையில் பொங்கலைப் பற்றிப் பேச வருவோர் வழக்கமாகப் பேசுவன இரண்டு. ஒன்று, அது தமிழர்தம் தனிப்பெருவிழா என்பது. மற்றொன்று, அதுவே நம் புத்தாண்டின் முதல் நாள் என்பது. இரண்டையும் நீங்கள் பல்லாண்டுகளாகக் கேட்டிருக்கின்றீர்கள். நானே மும்முறை பேசியிருக்கின்றேன். இன்று அவற்றைத் தொடப் போவதில்லை. அந்நாளில் நம் வீட்டிற்கு உண்ண வருகின்றவரை நாம் எவ்வாறு நடத்துகின்றோம் என்னும் ஒன்றை மட்டுமே பேசுவேன். இதில் பேசுவதற்கு என்ன இருக்கின்றது, இலை போட்டுச் சோறு படைத்தால் முடிந்தது என்று எண்ணுவீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழாசிரியன் வேறு எங்கே தொடங்குவான்? விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தைச் சொல்கின்றார். புதியதாய்ப் புனையப்படும் நூல்வகைக்கு அது பெயர். புதுமையைக் குறித்த அச்சொல் பின்னர்ப் புதியராய் வந்தவரைக் குறித்தது. அதன்பின் அவர்க்கு இடும் உணவையும் குறித்தது. நாமோ முதலிரண்டையும் விட்டுவிட்டுக் கடைசிப் பொருளை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். “நேற்று நல்ல விருந்து” என்று ஒருவர் சொன்னால் வடை, பாயசம் நினைவுக்கு வருகின்றனவே தவிர, வந்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

வள்ளுவப் பெருந்தகை இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்தினை எண்ணுமிடத்து, விருந்தைத் தனியாகவும் ஒக்கலைத் தனியாகவும் எண்ணினார். ஒக்கலாவது சுற்றம். மாமனும் மைத்துனனும் வந்து உண்டால் அது சுற்றந் தழுவல், வேண்டியதுதான், நல்லதுதான். ஆனால் விருந்தோம்பல் என்று 10 குறட்பாக்களால் தனி அதிகாரம் வகுத்து அவர் பேசியது அதைப் பற்றியதன்று. நம்மோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவர், நாளை நம்மைத் திரும்ப அழைக்க வேண்டிய கட்டு இல்லாத ஒருவர், நம் வாயிலில் வந்து நிற்கும்போது நாம் என்ன செய்கின்றோம் என்பதைப் பற்றியது. அனிச்ச மலரைப் பற்றிய குறளை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மாணவர்கள் நாளை ஒப்பிக்கவும் வேண்டும். ஆகவே இங்கே சொல்லேன்.

இன்று நடப்பதென்ன? திருமண வீட்டில் மொய்ப்புத்தகம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அது ஓர் உதவிக் கணக்கு. ஆனால் அக்கணக்கு மெல்ல மெல்லப் பொங்கற் பானை வரை வந்துவிட்டது. சென்ற ஆண்டு அவர் அழைத்தாரா? நம் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்? அவர் வீட்டில் எத்தனை வகைப் பொரியல்? இந்தக் கணக்கில் தேறியவர்களே நம் பட்டியலில் இடம் பெறுகின்றனர். தேறாதவர்க்குக் கைப்பேசியில் ஒரு கரும்புப் படம் போகின்றது. 200 பேருக்கு ஒரே படம்! அதற்கு அவர்கள் 200 படம் திருப்பி அனுப்புகின்றனர். கரும்பின் சுவை அறியாமலேயே கரும்பு நாள் முடிந்துவிடுகின்றது.

குறுந்தொகையில் நெய்தல் திணைப் பாட்டு ஒன்று உண்டு. தலைவன் வாராமையால் வருந்தும் தலைவி மாலைப் பொழுதைப் பற்றித் தோழியிடம் சொல்கின்றாள். பறவைகள் அடங்கிவிட்டன. பலரும் புகும் பெரிய வாயிலை அடைக்கும் நேரம். அடைப்பதற்கு முன் காவலர், இன்னும் உள்ளே வர வேண்டியவர் எவரேனும் இருக்கின்றீரோ என்று வினவுகின்றனர். அப்படிக் கேட்டும் அவர் வரவில்லையே என்பது அவள் துயரம். அவள் துயரத்தைப் பற்றி வகுப்பில் பல மணிநேரம் நடத்தியிருக்கின்றேன். அந்தக் கேள்வியைப் பற்றி ஒருநாளும் நடத்தியதில்லை. எண்ணிப் பாருங்கள்! கதவை அடைப்பது நாள்தோறும் நடப்பது. அதற்கு முன் வெளியே நோக்கி ஒரு சொல் கேட்டுவிட்டே அடைப்பது என்பது அவ்வீடுகளின் வழக்கமாய் இருந்திருக்கின்றது. தலைவி அதை வியந்து சொல்லவில்லை. போகிற போக்கில் சொல்கின்றாள். வழக்கம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி என் கதைக்கு வருகின்றேன். இதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் இதை மறைத்து வைத்துக்கொண்டு உங்களுக்கு அறிவுரை சொல்ல வாய் வரவில்லை.

12 ஆண்டுகட்கு முன், புதுவீடு கட்டி வந்த முதற் பொங்கல். 31 பேரை அழைத்திருந்தேன். உடன் பணியாற்றும் ஆசிரியர்கள், தலைமையாசிரியர், இருவர் கல்லூரிக் காலத்து நண்பர்கள், எஞ்சியவர் உறவினர். எங்கள் கூடத்தில் 12 இலைக்குமேல் போட இயலாது. பள்ளியில் மணியடிக்கும் உதவியாளர் ஒருவர் இருந்தார். என்னினும் 9 அகவை மூத்தவர். “அண்ணே, நீங்களும் கட்டாயம் வரவேண்டும்” என்று அவரையும் அழைத்திருந்தேன். வெறும் வாய்ச்சொல்லன்று, உள்ளன்போடுதான் அழைத்தேன். அவர் தம் தெருவிலிருந்து தோளில் இரண்டு கரும்பும் கையில் ஒரு மஞ்சட் கொத்துமாக, எல்லார்க்கும் முன்னதாகவே வந்துவிட்டார். “பால் பொங்கிற்றா ஐயா?” என்று கேட்டுக்கொண்டே நுழைந்தார். “பொங்கிற்று, பொங்கிற்று” என்றேன்.

அந்நேரம் தலைமையாசிரியர் வண்டி வந்து நின்றது. முதற் பந்திக்கு 12 பேர் அமர்ந்துவிட்டனர். “அண்ணே, நீங்கள் அடுத்த பந்தியில் அமரலாமே, அதுவரை இந்தத் தண்ணீரை மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்” என்று சொல்லிக் குவளைத் தட்டை அவர் கையில் கொடுத்தேன். அவரும் முகம் மலர வாங்கிக்கொண்டார். முதற் பந்தி முழுதும் தண்ணீர் ஊற்றினார். அது முடிந்ததும் உறவினர் வந்து நிறைந்தனர். இரண்டாம் பந்திக்கும் அவரே தண்ணீர் ஊற்றினார். நானோ தலைமையாசிரியரை வாயில்வரை சென்று வழியனுப்பிவிட்டு, கல்லூரி நண்பர்களிடம் பொங்கல் விழா பழந்தமிழ் நூல்களில் எங்கெங்கே குறிப்பிடப்படுகின்றது என்று முற்றத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பந்திக்கு இலை போடும்போது அவரைக் காணவில்லை. குவளைத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

இதை நான் அறிந்தது இரவில். “மணியடிக்கும் அண்ணன் உண்டாரா?” என்று என் மனைவியார் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. வாயிற்படியருகே அவர் கொணர்ந்த இரு கரும்பும் சாத்தியபடி இருந்தன.

அவர் எந்தத் தெருவினர் என்பதை எண்ணிப் பார்த்து நான் அப்படிச் செய்தேனா என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால், இல்லவே இல்லை என்று சூளுரைத்திருப்பேன். சாதி ஒழிய வேண்டுமென்று இதே மேடையில் முழங்கியவன் அல்லனோ? ஆனால் என் கை குவளைத் தட்டை அவரிடந்தான் நீட்டியது. கூடத்தில் என் தம்பி இருந்தான், மைத்துனர் இருந்தார், அவர்களிடம் நீட்டவில்லை.

காணும் பொங்கலன்று அவர் வீட்டிற்குப் போனேன். ஒற்றை அறை வீடு. என்னைக் கண்டதும் பாயை விரித்தார். அவர் துணைவியார் எதுவும் கேளாமல் இலை போட்டார். மொச்சையும் கருவாடும் இட்ட குழம்பு. தமக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு என்னருகே அமர்ந்து, என் இலையில் குழம்பு குறைகின்றதா என்று பார்த்துப் பார்த்து உண்டார். முந்தாநாள் நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் எடுத்தபோதும், “வீடு நிறைய ஆள் ஐயா, உங்களால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்” என்று எனக்காக அவரே வழக்காடினார். விருந்தோம்பல் அதிகாரத்தை நான் 20 ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வந்திருந்தேன். அன்றுதான் அதை எனக்கு ஒருவர் நடத்திக் காட்டினார்.

அதன்பின் எங்கள் வீட்டில் சில முறைகள் மாறின. அவற்றைச் சொல்கின்றேன்; ஏற்றுக்கொள்ளத் தக்கவை எனின் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் ஒரே நேரத்தில் அமர முடியுமோ, அத்தனை பேரை மட்டுமே ஒருவேளைக்கு அழைக்கின்றோம். எஞ்சியவர்க்கு மாட்டுப்பொங்கல் இருக்கின்றது, காணும் பொங்கல் இருக்கின்றது. நம் முன்னோர் ஒரே நாளில் முடித்துவிடாமல் விழாவைப் பல நாளாக வைத்தது வீணன்று. முதலில் வந்தவர் முதலில் அமர்வார், பதவி பாராட்டுவதில்லை. பின்வந்த தலைமையாசிரியர் சற்றே காத்திருந்தால் அவர்க்கு நேரும் குறை ஒன்றுமில்லை. எங்கள் தலைமையாசிரியர் மகிழ்வோடு காத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அடுத்தது அடுக்களை. இதைச் சற்று விரிவாகச் சொல்வேன். தாய்மார்கள் பொறுத்தருள்க, ஆடவர்கள் கேட்டுக்கொள்க. என் அன்னையார் பொங்கலன்று விடியற்காலை 3 மணிக்கு எழுவார். வாயில் தெளித்துக் கோலமிட்டு, அடுப்புக்கட்டி அடுக்கி, புதுப்பானைக்கு மஞ்சள் கட்டி, பொங்கலிட்டு, அவரையும் பூசணியும் சருக்கரைவள்ளியும் மொச்சையும் தனித்தனியே ஆக்கி, வந்தார்க்கெல்லாம் படைப்பார். அவர் உண்டதை விழா நாளில் நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. அதைப் பெருமையாகக் கட்டுரை எழுதியவன் நான். தொல்காப்பியர் கற்பியலில் மனைவியின் மாண்புகளுள் விருந்து புறந்தருதலையும் சேர்த்துச் சொன்னார் என்று மேற்கோளும் காட்டியிருக்கின்றேன். ஆனால் அதே பழந்தமிழில் வேறு சில செய்திகளும் உள்ளன. நாம் அவற்றைக் காட்டுவதில்லை. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணனுக்குப் பொற்கலத்தில் உணவிட்டபோது, ஏவலரை விட்டு ஊட்டவில்லை. தானே நின்று ஊட்டினான் என்கின்றார் நத்தத்தனார். அவனோ அரசன், அவனுக்கு ஏவலர்க்கா குறைவு? இளையான்குடி மாறனார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சமயம் எப்படியும் இருக்கட்டும், நிகழ்ச்சியை மட்டும் நோக்குங்கள். நள்ளிரவு மழையில் வந்தவர்க்குச் சோறில்லை. அன்று விதைத்த முளைநெல்லை அள்ளிவர இருட்டில் வயலுக்குப் போனவர் கணவர். விறகுக்குக் கூரையின் கழியை அறுத்துத் தந்தவர் அவர். தோட்டத்துக் கீரையைப் பறித்துத் தந்தவரும் அவரே. மனைவியார் சமைத்தார். இருவர் உழைப்பில் ஓர் இலை நிறைந்தது. மதுரையில் கண்ணகி, விருந்தினரை எதிர்கொண்டு பேண முடியாமற் போனதைக் கோவலனிடம் சொல்லி வருந்துகின்றாளே, கணவன் உடனில்லாத மனையில் அஃது இயலாதாயிற்று என்பதே அவள் வருத்தம். நாமோ உடனிருந்தும் திண்ணையில் அமர்ந்திருக்கின்றோம்!

ஆகவே இப்போது எங்கள் வீட்டில் காய் அரிவதும் தேங்காய் துருவுவதும் முதல் நாள் இரவே ஆடவர் பொறுப்பு. வெல்லம் கரைத்து மண் போக வடிகட்டுவது என் பொறுப்பு. அரிசியும் பயற்றம்பருப்பும் நன்றாகக் குழைந்த பின்னரே வெல்லப்பாகை ஊற்ற வேண்டும், முன்னதாக ஊற்றினால் அரிசி வேகாது நின்றுவிடும் என்பதை 50 அகவையில் கற்றேன். இரண்டாம் பந்தியில், சமைத்தவர் அனைவரும் அமர்வர். நானும் என் மகனும் பரிமாறுவோம். சூடாக இருக்கும்போதே சமைத்தவர் உண்ண வேண்டும். பொங்கல் ஆறினால் இறுகிவிடும். அதற்காகக் காய்ச்சிய பால் ஒரு செம்பு தனியே வைத்துக்கொண்டால் இளக்கிப் பரிமாறலாம். இது என் மனைவியார் சொன்ன நுட்பம்.

வற்புறுத்தலைப் பற்றி ஒன்று. “இன்னும் ஒரு கரண்டி, எனக்காக” என்று இலையின்மேல் கவிழ்ப்பதை நாம் அன்பு என்று எண்ணுகின்றோம். வந்தவர் நீரிழிவுக்காரராய் இருப்பார். அதை 20 பேர் நடுவே சொல்ல நாணுவார். அவரை மறுக்க வைப்பதும் குற்றம், உண்ண வைப்பதும் குற்றம். அவர் கேளாமலேயே வெண்பொங்கலை முன்னே கொண்டு சென்றுவிட்டால் சிக்கல் தீர்ந்தது. சருக்கரைப் பொங்கலைச் சிறிதளவு வைத்துவிட்டு அப்பால் நகர்ந்துவிட வேண்டும். வேண்டியவர் கேட்பார். கேட்கத் தயங்குவார் யார் என்று கண்ணால் அறிவதே பரிமாறுவோன் வேலை. உண்டபின் காப்பி (நம் அன்பர்கள் குளம்பி என்று சொல்லச் சொல்வர், சொல்வோம்) வேண்டுமா என்பதையும் அப்படியே.

தொலைக்காட்சி! அழைத்து வந்து அமர்த்திவிட்டு அதை முடுக்கிவிடுகின்ற வழக்கம் எங்கிருந்து வந்ததோ அறியேன். பட்டிமன்றம் நடக்கின்றது என்கின்றனர். வந்த மனிதரோடு பேசாமல் அவர்க்கு வேறெவரோ பேசுவதைக் காட்டுவது, “உமக்கும் எமக்கும் பேச ஒன்றுமில்லை” என்று சொல்வதேயன்றி வேறென்ன? அதை அணைத்துவிடுங்கள். இதற்குமேல் அதைப் பற்றிப் பேச வேண்டுவதில்லை.

இனிச் சொல்வது நம் இயக்கத்தாருள் சிலர்க்குக் கசக்கலாம். சென்ற ஆண்டு எங்கள் எதிர்மனையில் கட்டட வேலை நடந்தது. ஒடிய நாட்டு இளைஞர் நால்வர் அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கியிருந்தனர். பொங்கலன்று வேலையில்லை, உணவகமும் இல்லை. அன்று காலை என் மகன் சென்று அவர்களை அழைத்து வந்தான். எனக்கு ஒரு கணம் தயக்கம் ஏற்பட்டது உண்மை. இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றவர்கள் நாம்; இனியும் நிற்போம்; அதில் ஒரு மயிரிழையும் தளர்வில்லை. ஆனால் ஆட்சியதிகாரம் திணிக்கும் மொழி வேறு. பசியோடு வாயிலில் நிற்கும் பையன் வேறு. அவனுடைய தாய்மொழியும் இந்தியன்று என்பதையே நம்மில் பலர் அறியோம். புதியராய் வந்தவரே விருந்து என்று அரைமணி நேரமாய் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றேனே, அவர்களைவிடப் புதியர் எவர்?

நால்வரும் அமர்ந்தனர். இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டுமென்பது அவர்களுக்குத் தெரியவில்லை. என் மகள் திருப்பி வைத்தாள். சோறு, உப்பு, நெய், மோர் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல அவர்களும் திருப்பிச் சொன்னார்கள். “போதும்” என்பதையும் கற்றார்கள். ஆனால் என் மனைவியார் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. (மேலே சொன்ன அறிவுரை எங்கள் வீட்டிலேயே முற்றும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.) அவர்களுள் ஒருவன் சருக்கரைப் பொங்கலைக் காட்டி அரைகுறைத் தமிழில் சொன்னான்: அவன் ஊரிலும் அதே நாளில் புத்தரிசியோடு வெல்லமும் தேங்காயும் வாழைப்பழமும் கலந்து படைப்பார்களாம், அவன் அன்னை செய்வாளாம். சொல்லிவிட்டு நெடுநேரம் தலைநிமிரவில்லை.

கடைசியாக, வழியனுப்புதல். நாம் வரவேற்பதில் காட்டும் ஊக்கத்தில் பாதியையும் இதில் காட்டுவதில்லை. பொருநராற்றுப்படையைப் பாருங்கள். கரிகாலன் அரண்மனையில் ஊனை இரவும் பகலும் தின்று தின்று, கொல்லை உழுத கொழுவைப்போலப் பல்லே தேய்ந்துவிட்டது என்கின்றான் பொருநன். முடத்தாமக்கண்ணியார் நகைச்சுவை அறிந்தவர். அவன் ஊருக்குப் போக விடை கேட்டதும் கரிகாலன் சினந்தவன்போல் ஆகின்றான். இத்தனை விரைவில் போவதா என்று. பிறகு பரிசிலும் தேரும் கொடுத்து, ஏழடி பின்னே நடந்து சென்று விடுக்கின்றான். சோழநாட்டு மன்னன், பாடிப் பிழைக்கும் ஒருவன் பின்னே ஏழடி! நம் வீட்டு வாயிலிலிருந்து தெருமுனை அதைவிடச் சற்றுத் தொலைவுதான். ஆயினும் நடந்து பார்த்துவிட்டேன், கால் வலிக்கவில்லை. அந்த நடையில்தான் பலர் உண்ணும்போது சொல்லாததைச் சொல்கின்றனர். மகன் வேலை, மகள் திருமணம், உடல்நலம் எல்லாம் தெருமுனைக்கு வந்த பின்னரே வாய் திறக்கின்றன.

மணியடிக்கும் அண்ணன் பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. இவ்வாண்டும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். முதற் பந்தியில் அவர்க்கும் அவர் துணைவியார்க்கும் இலை. முழங்கால் வலி இருக்கின்றது, கரும்பைச் சுமந்துகொண்டு வரவேண்டா, நானே வாங்கி வைக்கின்றேன் என்று சொன்னேன். அவர் ஒப்பவில்லை. இரண்டு கழிதான் ஐயா, பேருந்தில் படுக்கப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன் என்கின்றார். நான் பேருந்து நிறுத்தத்தில் போய் நிற்பதாய்ச் சொல்லியிருக்கின்றேன்.